கிளீட் கேட்டு வந்த பிள்ளை

"நெருப்பே இல்லையேம்மா, அப்புறம் சூடு எங்கேருந்து வருது?"

ரோடா இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. கேட்ட இடம், மேட்டுப் பாதையோரம் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு கல்வீடு. வண்டிக்காரன் அவர்களைக் கணவாயில் இறக்கிவிட்டு, "இறங்கிப் போனா ஆல்டர்க்ளஃப்தான், ஜெபவீட்டுக் கூரை கண்ணுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போயிருந்தான். கூரை தெரியவில்லை. பாதி வழியில் பனி கொட்ட ஆரம்பித்து, பாதையும் தெரியாமல் போனது. கைக்கு எட்டிய முதல் சுவரைத் தடவிக்கொண்டே போய், கெசியா பெல் தன் மகளோடு அந்த வீட்டுக்குள் நுழைந்தாள்.

கெசியா தெற்கே சஃபோக் வயல்காட்டில் பிறந்து வளர்ந்தவள். புருஷன் காய்ச்சலில் போன பிறகு, வடக்கே மலையூர் ஒன்றில் ஜெபவீட்டைப் பெருக்கி அடுப்பு மூட்ட ஆள் வேண்டுமாம், பின்புறம் குடியிருக்க ஓர் அறையும் உண்டாம் என்று கேள்விப்பட்டுப் புறப்பட்டு வந்தாள். வெள்ளத்துக்கும் மழைக்கும் பழகியவள் அவள். இந்தக் குளிர் அவளுக்குப் புதிது.

அந்த வீட்டில் கதவு ஒரு கீலில் தொங்கியது. அடுப்பில் பழைய சாம்பல், அதன்மேல் ஒரு பறவை இறகு. பழக்கத்தில் பிள்ளையை அடுப்பின் எதிரே உட்காரவைத்து, தன் சால்வையைப் போர்த்தினாள். கொஞ்ச நேரத்தில் முகத்தில் ஏதோ வந்து பட்டது. காற்று இல்லை. எதிரே தணல் செக்கச்செவேலென்று குவிந்து கிடந்தால் கன்னத்தில் வந்து உறைக்குமே, அந்தச் சூடு. திரும்பி உட்கார்ந்தால் முகம் குளிர்ந்தது, முதுகு காய்ந்தது. கெசியா மெதுவாகக் கையை நீட்டிச் சாம்பலைத் தொட்டாள். பனிக்கட்டி போல் இருந்தது.

அப்போதுதான் ரோடா அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"கேக்காத கண்ணு. கையை நீட்டிக் காட்டு. குடுக்கிறவங்களைக் கேள்வி கேக்கக் கூடாது."

பனி ஓய்ந்து வெளிச்சம் வந்ததும் கிளம்பினார்கள். வாசலில் நின்று கெசியா திரும்பி, காலி வீட்டைப் பார்த்துச் சொன்னாள்: "உங்களுக்குக் கடன்பட்டிருக்கேன்." கர்த்தரிடம் பேசும்போது அவள் எப்போதும் 'உமக்கு' என்பாள். அன்று வாயில் வந்தது, எதிரே ஆட்கள் இருப்பதுபோல், 'உங்களுக்கு'. கீழே இறங்கும் வழியெல்லாம் அது அவளை உறுத்திக்கொண்டே வந்தது.

ஆல்டர்க்ளஃபில் அவர்களை முதலில் பார்த்தவள் பக்கத்து வீட்டு டோர்கஸ் ஆலரன்ஷா. ஜெபவீட்டுக் காரியஸ்தர் எனோக்கின் தங்கை. இருவரும் கல்யாணம் செய்துகொள்ளாமல் ஒரே வீட்டில் இருந்தவர்கள். டோர்கஸுக்கு நாற்பதைத் தாண்டிய வயது, அகலமான கை, அதைவிட அகலமான வாய்.

"அடக் கஷ்டமே, இந்தப் பிள்ளை ஸ்டார்வ் ஆகிப்போயிருக்கே" என்றாள்.

'ஸ்டார்வ்' என்றால் கெசியாவின் ஊரில் பட்டினி கிடப்பது. பட்டினியால் சாவதும் அதே சொல்தான். வழியெல்லாம் தன் பங்கையும் மகளுக்கே ஊட்டி வந்தவளுக்கு அது சுருக்கென்று தைத்தது.

"நான் சாப்பிடாம இருந்திருக்கேன், சகோதரி. என் பிள்ளைய ஒருநாளும் இருக்க விட்டதில்ல."

"இப்ப உன்னை யாரு சாப்பாட்டைப் பத்திக் கேட்டா?" என்று டோர்கஸ் விழித்தாள். பிறகு இருவரையும் உள்ளே இழுத்து நெருப்பின் முன்னால் தள்ளினாள். தட்டு வைக்கவில்லை. மனத்தாங்கலில் கெசியா அதைக் கவனிக்கவில்லை. அன்று "அப்படின்னா என்ன?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது. வெட்கம் பிடித்த நெஞ்சு கேள்வி கேட்காது.

ஜெபவீட்டு வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. ஓய்வுநாள் காலையில் அடுப்பை மூட்டிவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்து எனோக்கின் ஜெபத்தைக் கேட்பாள். எனோக் எப்போதும் ஒரே மாதிரி முடிப்பார்: எங்கள் இருதயங்கள் குளோ ஆகட்டும். 'குளோ' என்ற சொல்லைக் கெசியா அறிவாள். நடந்துவிட்டு வந்த பெண்ணின் கன்னத்துச் சிவப்பு குளோ. வேலியோரத்து மின்மினி குளோ. பக்தியில் உருகும் நெஞ்சும் குளோ. ஆதியில் அது சுவாலையில்லாமல் கனன்று கிடக்கும் கரிக்கு மட்டுமே உரிய சொல். அடுப்பிலிருந்து கன்னத்துக்கும் கன்னத்திலிருந்து நெஞ்சுக்கும் அது ஏறி வந்திருந்தது. அதே வேரில் பிறந்த இன்னொரு சொல் மலையூர்ப் பேச்சில் அடுப்பங்கரையை விட்டு நகராமல் அங்கேயே தங்கிவிட்டது. அதை அவள் அறியமாட்டாள்.

வருஷப் பிறப்புக்கு முந்தின நாள் டோர்கஸ் வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"நாளையிலேருந்து வீட்டுல இருக்கிற எதையும் வெளியே குடுத்துடாதே. பெருக்கின குப்பையக்கூட உள்ளேயே வை. ஆறாம் தேதி வர்ற மூணு ராஜாக்கள் திருநாள் தாண்டட்டும்."

"ஏன் சகோதரி?"

"ஏன்னா குடுக்கக் கூடாது. தெற்கே நல்ல நாள் பெரிய நாள்னு ஒண்ணும் கிடையாதா? மாட்டைக் கும்பிடுவீங்களா?"

"மாட்டுக்கு நாங்க வைக்கோல் போடுவோம். வருஷப் பிறப்பன்னைக்கும் போடுவோம்."

டோர்கஸ் சிரித்துவிட்டாள். அவர்களுக்குள் முதல் சிரிப்பு அது. ஆனால் போகும்போது முகம் மாறியது. "நாளைக்குச் சாயங்காலம் யாராவது தட்டினா திறக்காதே" என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள்.

வருஷப் பிறப்பன்று மூன்று மணிக்கே வெளிச்சம் நீலமாகத் தொடங்கியது. தெருவில் ஒவ்வொரு வீடாகத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பிறகு தட்டும் சத்தம். முதலில் தெருக்கோடியில், அடுத்து அதன் பக்கத்தில். ஒரு கதவும் திறக்கவில்லை. கடைசியில் அது கெசியாவின் கதவுக்கு வந்தது. மெல்லிய விரல்களின் தட்டல். அந்த மாதிரித் தட்டலுக்குத் திறக்காமலிருக்க அவளால் முடியவில்லை.

வாசற்படியில் ஒரு சிறுமி. ஒன்பது, பத்து வயதிருக்கும். தலையில் முக்காடு, கையில் மூடிபோட்ட மண்பானை. முக்காட்டுக்கு வெளியே தெரிந்த முடியில் விழுந்த பனி உருகாமல் அப்படியே இருந்தது.

"கிளீட் இருக்கா? நாங்க ஸ்டார்வ் ஆகிறோம்."

'கிளீட்' கெசியாவின் காதில் விழுந்த சொல்தான். ஜெபவீட்டில் வாசிக்கக் கேட்டிருக்கிறாள். தின்னக்கூடாத அசுத்தமான பறவைகளைச் சொல்லும் இடத்தில் பருந்தையும் கழுகையும் ஒட்டி வரும் பெயர் அது.  பருந்தைத் தின்னக் கேட்கும் அளவுக்கா இந்தப் பிள்ளைக்குப் பசி? வெளியே எதுவும் கொடுக்கக் கூடாது என்ற பேச்சு நினைவுக்கு வந்தது. பசித்த பிள்ளையைவிட அது பெரிதா? உள்ளே ஓடி, அன்றைக்கென்று வைத்திருந்த பார்லி ரொட்டியில் பாதியை அறுத்து வந்து, பானை மூடியைத் திறந்து உள்ளே வைத்தாள்.

"அசுத்தமானதெல்லாம் வேணாம் கண்ணு. இதை அம்மாவுக்கும் குடுத்து நீயும் சாப்பிடு. நாளைக்கு வா, மீதியும் தர்றேன்."

சிறுமி ரொட்டியைப் பார்த்தாள். ரொட்டியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கெசியாவையும், அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்த ரோடாவையும் பார்த்தாள்.

"இது சுடலையே" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. ஏமாந்த பிள்ளை சொல்வதுபோல்தான் சொன்னாள். அவள் திரும்பி மேட்டுப் பாதையில் போன பிறகுதான் கெசியாவுக்கு உறைத்தது. தன் மூச்சு வாசலில் வெள்ளைப் புகையாக எழுந்துகொண்டிருந்தது. அந்தப் பிள்ளை பேசியபோது அவள் வாயிலிருந்து ஒன்றும் எழவில்லை. பாதையில் பனி புதிதாக, காலே படாததாகக் கிடந்தது.

கதவைச் சாத்திவிட்டு நெருப்பைத் தூண்டினாள். நன்றாகவே எரிந்தது. ரோடா கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சற்றுப் பொறுத்துச் சொன்னாள்:

"அம்மா, இது சுடலையே."

அதே சொல், அதே இழுப்பு. கெசியா கையை நீட்டினாள். தணல் கண்ணுக்குச் சிவப்பாக இருந்தது, கைக்கு ஒன்றுமில்லை. இன்னும் கிட்டே கொண்டுபோனாள். சுவரில் தீட்டிவைத்த நெருப்புச் சித்திரத்தின் முன்னால் கை நீட்டியதுபோல் இருந்தது. கெட்டிலில் நீர் கொதித்துச் சீறியது. அவர்கள் இருவருக்கு மட்டும் சூடு வந்து சேரவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி குடித்தும் ரோடாவின் உதடு நீலமாகவே இருந்தது. முதலில் நடுங்கினாள். பிறகு நடுக்கம் நின்றுபோனது. அதுதான் கெசியாவைப் பயமுறுத்தியது. பிள்ளையைப் போர்வையில் சுருட்டித் தூக்கிக்கொண்டு டோர்கஸ் வீட்டுக்கு ஓடினாள்.

டோர்கஸின் அடுப்பு ஆள் கிட்டே நிற்க முடியாதபடி எரிந்துகொண்டிருந்தது. டோர்கஸ் முன்கையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். ரோடா அதன் முன்னால் கண் சொருகிக் கிடந்தாள். அவள் கை கல்லாக இருந்தது.

"யாருக்குக் கதவைத் திறந்தே?" என்றாள் டோர்கஸ். குரலில் வழக்கமான உரப்பு இல்லை.

"ஒரு பிள்ளை. பசின்னு வந்துச்சு. ரொட்டி குடுத்தேன்."

"என்ன சொல்லிக் கேட்டா? அப்படியே சொல்லு."

"கிளீட் இருக்கான்னு கேட்டா. ஸ்டார்வ் ஆகிறோம்னு சொன்னா. பாவம், பருந்தைத் தின்ன…"

"பருந்தா?" டோர்கஸ் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். "எந்த ஊர்லடி பருந்தை மண்பானையில வச்சு மூடி எடுத்துட்டுப் போவாங்க? கிளீட்னா இதோ, இது." இடுக்கியால் அடுப்பிலிருந்து ஒரு கங்கைத் தூக்கிக் காட்டினாள். "உயிரோட இருக்கிற கங்கு. பக்கத்து வீட்டுல அடுப்பு அணைஞ்சா நாம குடுத்து அனுப்பறது. ஸ்டார்வ்னா குளிர்ல விறைச்சுச் சாகறது. இந்த ஊர்ல வயித்துக்கு அந்தச் சொல்லே கிடையாது."

கெசியாவுக்கு, வந்த அன்று தட்டு வைக்காமல் நெருப்பின் முன்னால் தள்ளிவிட்ட கை நினைவுக்கு வந்தது. 

டோர்கஸ் கங்கையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "மேட்டு வீட்டுல ஒரு விதவை இருந்தா. ஒரே பொண்ணு. வருஷப் பிறப்பன்னைக்கு அவங்க நெருப்பு அணைஞ்சுபோச்சு. இப்பவே இங்கே தீக்குச்சி பாக்கிறது அபூர்வம், அப்ப அதெல்லாம் ஏது. பஞ்சு நனைஞ்சா சக்கிமுக்கிக் கல்லும் உதவாது. பிள்ளை பானையத் தூக்கிட்டு வீடு வீடா வந்துச்சு. அந்தத் திருநாள் முடியற வரைக்கும் நெருப்பை வெளியே குடுத்தா, குடுத்த வீட்டுல ஒருத்தர் அந்த வருஷமே அதுகூடப் போயிடுவாங்கன்னு ஒரு பேச்சு. ஒருத்தரும் குடுக்கல. நான் அப்ப அவ வயசு. எங்க வீட்டுக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னேன். இடுக்கியில கங்கை எடுத்தும் வச்சிருந்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டாங்க. அடிக்கல, திட்டல, பிடிச்சுக்கிட்டாங்க, அவ்வளவுதான். தட்டறது நிக்கிற வரைக்கும். அந்தக் கங்கு இடுக்கியிலயே கறுத்துப்போச்சு."

"அவங்க?"

"பனி உருகினப்புறம் போய்ப் பார்த்தாங்க." டோர்கஸ் கையிலிருந்த கங்கைத் திரும்ப அடுப்பில் போட்டாள்.

"அந்த வீட்டுல நாங்க ஒதுங்கினோம், சகோதரி. வந்த அன்னைக்கு. நெருப்பு இல்ல, ஆனா சூடு இருந்துச்சு. அதுலதான் இவ பொழைச்சா."

டோர்கஸ் நிமிர்ந்து பார்த்தாள். பார்வையில் பயம் இருந்தது, பொறாமை மாதிரி ஒன்றும் இருந்தது.

"நான் கங்கு கொண்டுபோகப் போறேன்" என்றாள் கெசியா.

"பைத்தியமா உனக்கு? திருநாள் தாண்டட்டும். அப்புறம் போ."

"அதுவரைக்கும் இவ தாங்குவாளா?"

டோர்கஸ் பிள்ளையின் உதட்டைப் பார்த்தாள். 

"எங்க வீட்டுல இருக்கிறது ரெண்டு பேர். ஒருத்தர் போகணும்னா நான் போறேன். நீங்க இவளை வச்சிருங்க."

"எங்கே போறேன்னு என்கிட்ட சொல்லாதே. எனக்குத் தெரிய வேணாம்" என்று டோர்கஸ் ரோடாவை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கெசியா தன் அறைக்கு வந்து, அடுப்பில் இருந்ததில் நல்ல கங்குகளாகப் பொறுக்கித் தன் மண்பானை ஒன்றில் இட்டு மூடினாள். பானை அவள் கைக்கு ஜில்லென்று இருந்தது. வாசற்படியில் ஒரு கணம் நின்றாள். இருதயம் குளோ ஆகட்டும் என்று எத்தனை ஓய்வுநாள் கேட்டிருக்கிறோம், ஒரு கங்கு கேட்டால் கொடுக்காத நெஞ்சு எதில் கனலும் என்று நினைத்தாள். பிறகு தன்னையே கடிந்துகொண்டாள். அவர்களும் பிள்ளை பெற்றவர்கள்தான். பயந்தவர்களைக் கர்த்தர் அறிவார். படியைத் தாண்டினாள்.

முதல் வளைவில் பானை கைக்கு வெதுவெதுப்பாகத் தெரிந்தது. இரண்டாவது வளைவில் இரு கைகளாலும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மேட்டு வீட்டுக் கதவைத் தோளால் தள்ளியபோது, சால்வையை மடித்துப் பிடிக்காமல் பானையைத் தொட முடியவில்லை.

உள்ளே தரை, சுவர் எல்லாம் வெண்மையாக உறைபனி பூத்திருந்தது. அடுப்புக் கல்லின்மேல் அந்தப் பார்லி ரொட்டி கிடந்தது. அவள் கத்தி வைத்த தடம்கூட அப்படியே இருந்தது. ஒரு விள்ளல் குறையவில்லை.

அவள் மண்டியிட்டுச் சாம்பலை விலக்கி, கங்குகளைக் கொட்டினாள். குனிந்து ஊதினாள். ஒவ்வொன்றாகக் கண் திறந்தன. சூடு முகத்தில் வந்து உறைத்தது. இரண்டு நாளாகக் காத்திருந்த உறைப்பு. கண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு திரும்பியபோது தரையைப் பார்த்தாள்.

அடுப்பின் எதிரே உறைபனி உருகிக் கறுப்புக் கல் தெரிய ஆரம்பித்திருந்தது. இரண்டு இடத்தில் மட்டும் உருகவில்லை. அடுப்பிலிருந்து சுவர்வரை நீளும் இரண்டு வெள்ளைப் பட்டைகள். ஒன்று அகலம், ஒன்று குறுகல். நெருப்பை ஒட்டி இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால், சூடு படாமல் அவர்களுக்குப் பின்னால் விழும் நிழல் அது.

கெசியா அசையவில்லை.  ஆனாலும் கை தானாக நீண்டு, ரொட்டியை எடுத்துக் கங்குகளின் ஓரத்தில், பக்குவமாகக் காயும் இடத்தில் வைத்தது.

"கேட்டது எனக்குப் புரியல. மன்னிச்சிருங்க. வாங்கினதைக் கொண்டுவந்துட்டேன்."

குறுகலான பட்டை அகலமான பட்டையோடு ஒட்டிக்கொண்டது. அவள் எழுந்து, முதுகைக் காட்டாமல் பின்னடி வைத்தே வெளியே வந்து, தொங்கும் கதவைத் தூக்கிப் பொருத்திச் சாத்தினாள்.

டோர்கஸ் வீட்டில் ரோடா போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்து ஓட்ஸ் ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

"புழுங்குதாம்" என்றாள் டோர்கஸ். "எழுந்ததும் அதான் சொன்னா. இவளுக்குப் புழுங்குதாம்." பிள்ளையின் கன்னம் சிவந்து குளோவாக இருந்தது. டோர்கஸ் அந்தக் கன்னத்தையே பார்த்தாள். பிறகு கெசியாவின் சட்டைக் கையில் ஒட்டியிருந்த சாம்பலைப் பார்த்தாள். "எங்கே போயிருந்தே?"

"ஜெபவீட்டு அடுப்பைப் பார்த்துட்டு வந்தேன்."

"இன்னைக்கு ஜெபவீட்டுல அடுப்பே மூட்டலையே."

"அதான் பார்த்துட்டு வந்தேன்."

டோர்கஸ் சிரிக்கவில்லை. "ஒண்ணும் ஆகலையா உனக்கு?" என்று கேட்டாள்.

"கால் ஈரமாச்சு."

தங்கள் அறைக்கு வந்ததும் கெசியா மகளை மடியில் வைத்துக்கொண்டு நெருப்பின் முன் உட்கார்ந்தாள். சூடு வந்தது. வெளியே நீல வெளிச்சத்தின் கடைசி மிச்சம் சுவரில் இருந்தது. பக்கத்து வீட்டில் இடுக்கி இரும்பில் உரசும் சத்தம் கேட்டது. எனோக்கின் குரல் ஏதோ கேட்டது.  தாழ்ப்பாள் விலகியது. கனத்த மரச்செருப்புகள் படியிறங்கி, ஒரு கணம் தயங்கி, மேட்டுப் பாதைப் பக்கம் திரும்பின.

"யாரும்மா போறாங்க?" ரோடா ஜன்னலுக்குத் துள்ளினாள்.

கெசியா அவளைப் பிடித்து இழுத்து, எழுந்து திரையை முழுக்க மூடினாள். பிறகு ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மகளின் கைகளை நெருப்பின் பக்கம் நீட்டிப் பிடித்தாள்.

"யாருமில்ல கண்ணு. நீ கை காய்."